ஆறடித் தொட்டிக்கு ஆள் எடுத்த கதை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் சுகம். தாங்கள் அனுப்பிவைத்த ஆறடிக் கண்ணாடித் தொட்டியும் சுகம். தொட்டிக்குள் இருப்பவர்களின் சுகத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கிய தங்களுக்கே கடைவாயில் இரண்டு பல் ஆடுவதாகக் கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். நான் சிரித்ததாக அக்கா சொல்வாள், நம்ப வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன் தாங்கள் தொலைபேசியில், "அக்கா, கிளினிக்கை மூடிட்டேன். அவ போனதுக்கப்புறம் வீட்ல பேச ஆளே இல்ல. நாற்காலியில படுத்தவன் வாயைத் திறந்துக்கிட்டாவது நான் சொல்றதைக் கேட்டான், இப்ப அதுவும் போச்சு. உங்க வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டீர்கள். தங்கள் அக்கா அழுதுகொண்டே "வாடா" என்றாள். அதன்பிறகுதான் என்னிடம் போனைக் கொடுத்தாள். ஒருவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதை எழுத்தில் தெரிவிப்பதே என் வழக்கம் என்றேன். முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஆலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன், வாய்வார்த்தையில் நியமனம் செய்தது கிடையாது. நான் பதில் எழுத உட்காருவதற்குள் தங்கள் கிளினிக்கின் வரவேற்பறை மீன்தொட்டி லாரியில் வந்து இறங்கி, கூடத்தில் என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆளுக்கு முன்னால் சாமான் வந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது.

தொட்டி காலியாக வந்தது. "வெறும் தொட்டியைப் பார்த்தா அவன் மனசு உடைஞ்சு போயிடும். அவன் வர்றதுக்குள்ள நல்ல மீனா பார்த்து விட்டு வைங்க" என்றாள் தங்கள் அக்கா. வண்ணமீன் கடைக்காரர் வந்து கடலுப்பு கரைத்து, பாறைகள் அடுக்கி, ஒரு மாதம் தண்ணீர் பழகட்டும், அதுவரை ஒன்றும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காலியிடத்தை மாதக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருப்பது எங்கள் ஆலைக்குப் புதிதில்லை, ஆகையால் அந்த ஒரு மாதத்தை வெகு சிறப்பாகக் கடத்தினேன்.

பிறகு தேர்வுக்குப் போனேன். (இனி நீங்கள் என்றே எழுதுகிறேன், தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது.) கடையில் ஒவ்வொரு கண்ணாடி முன்னாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீனுக்கு ஒரு தாள் வீதம் குறிப்பெடுத்தேன். கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீல மீன். பெயர் டாம்சலாம். மற்றதெல்லாம் என்னைப் பார்த்து ஒளிய, இது மட்டும் நேராகக் கண்ணாடிக்கு வந்து என் கண்ணைப் பார்த்தது. தன்னம்பிக்கை, பத்துக்குப் பத்து! "இதை முதல்ல கொடுங்க" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இதைக் கடைசியா விடணும். ஆள்தான் சின்னது, அடாவடி ஜாஸ்தி" என்றார். எனக்கா சொல்லித் தருகிறார்? ஒரு பிரிவைப் புதிதாகத் தொடங்கினால் முதலில் மேலாளரை நியமிப்பது, அவருக்குக் கீழே மற்றவர்களை எடுப்பது, இதுதானே முறை? "அடாவடி இல்லய்யா, அதுக்குப் பேரு தலைமைப் பண்பு" என்று சொல்லி வாங்கிவந்துவிட்டேன். ஒரு வாரம் ஆறடித் தொட்டியில் அது தனியாக மேற்பார்வை செய்தது. மேற்பார்வையிட ஒருவரும் இல்லாத மேலாளர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டாங் என்கிற மஞ்சள் மீன் இரண்டு. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே சாப்பாடு, ஒரே கடையில் வளர்ந்தவை. இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும் என்று ஜோடியாக எடுத்தேன். தொட்டியில் விட்டுக் கையைத் துடைப்பதற்குள் ஒன்றை ஒன்று வாலால் வெட்ட ஆரம்பித்தன. வால் அடியில் கத்தி வைத்திருக்கின்றன மச்சான், நிஜக் கத்தி! கடைக்காரரிடம் ஓடினால், "யார் சார் ஒரே மாதிரி ரெண்டை விடச் சொன்னது? தன்னை மாதிரியே இன்னொண்ணு இருந்தாத்தான் அதுக்கு ஆத்திரமே வரும்" என்கிறார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். "நீங்க எங்க சார் பேச விட்டீங்க" என்றார்.

சரி, அமைதியான ஆளாகப் பார்ப்போம் என்று தேடி ஒரு சிங்க மீனைப் பிடித்தேன். ஆகா, என்ன நிதானம்! துடுப்பையெல்லாம் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல், ஒரு மூலையில் தவம் இருந்தது. நன்னடத்தைச் சான்றிதழில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். கூடவே மணலை வாயில் அள்ளி அள்ளித் துப்பும் சின்ன மீன்கள் மூன்று, துப்புரவுப் பணிக்கு. மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தால் துப்புரவில் ஒருவரைக் காணோம். முன்னறிவிப்பில்லா விடுப்பு என்று குறித்துவைத்தேன். அதற்கு மறுநாள் இன்னொருவர். மூன்றாம் நாள் பிரிவே இல்லை. சிங்க மீன் மட்டும் அதே மூலையில், அதே தவத்தில், வயிறு மட்டும் கொஞ்சம் உப்பலாக, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நின்றது. உன் அக்கா பார்த்துவிட்டு, "இதுதான் நீங்க எடுத்த அமைதியான ஆளா?" என்று கேட்டாள். வாயில் நுழைகிற அளவு இருப்பவன் எல்லாம் அதற்குச் சக ஊழியன் இல்லை, சாப்பாடு என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது, சொல்லு!

இவ்வளவுக்கும் நடுவில் அந்த நீலப் பொடியன் என்ன செய்தான் தெரியுமா? ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஜோடி ஒன்றை விட்டிருந்தேன், சாதுவான ஜோடி. அதுகளை மோட்டார் பக்கத்து மூலையை விட்டு வெளியே வரவிடவில்லை. தன்னைவிட நான்கு மடங்கு பெரிய டாங்கையே விரட்டினான். தீனி போட்டால் முதலில் அவன், அவன் முடித்தபிறகு மற்றவர். கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டேன், என் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். நியமித்தவன் விரலையே! முப்பத்தோரு வருடத்தில் ஒரு மேலாளரும் செய்யாத காரியம். செய்ய நினைத்தவர்கள் உண்டு. உன் அக்கா மருந்து போட்டுக்கொண்டே, "தைரியமா கண்ணைப் பார்த்துச்சுன்னு சொன்னீங்களே, விரலையும் பார்த்திருக்கும்" என்கிறாள். குடும்பமே பல் விஷயத்தில் கைதேர்ந்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். யோசித்துப் பார் மச்சான். உனக்கும் வழுக்கை, எனக்கும் வழுக்கை. இரண்டு பேரும் ஐந்து மணிக்கு எழுந்திருப்போம். இரண்டு பேருக்கும் பேப்பர் மடிப்புக் கலையாமல் முதலில் வேண்டும். போன தடவை வந்தபோது நீ அதைப் பிரித்துக் கப்பல் மாதிரி மடித்து வைத்ததை நான் மறக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் நீ "அப்படி இல்ல அத்தான்" என்று ஆரம்பிப்பாய், சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஈறு வீக்கம் பற்றிப் பேசுவாய். ஆறடித் தொட்டியில் இரண்டு மஞ்சள் டாங் தாங்கவில்லை. இந்த வீடு தாங்குமா? நீ தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை என்று நினைக்காதே. உன் மனைவி, அந்தத் தங்கச்சி, உயிரோடு இருந்தவரை உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும், அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஆள் எடுப்பதில் எனக்கிருக்கும் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், ஒத்துவராது. தங்கள் விண்ணப்பம் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, வருத்தத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

ஆடும் பற்கள் நிலைத்திருக்கவும், நூறு வயது வரை முறுக்கு முறுக்காகக் கடித்து நீ வாழவும் மனதார வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டி நான்கு நாள் ஆகிறது, தபாலில் சேர்க்கவில்லை. ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். சிங்க மீனையும் ஒரு மஞ்சளையும் திருப்பி எடுத்துப்போகக் கடைக்காரர் வந்தார். இந்த நீலப் பொடியனையும் கொண்டுபோய்த் தொலையுங்கள் என்றேன். அவர், "அது மேல குத்தம் இல்ல சார். முதல்ல வந்தது எதுவோ, தொட்டி பூரா தன்னுதுன்னு நினைச்சுக்கும். எடுத்து ரெண்டு நாள் வாளியில வைங்க. கல்லையெல்லாம் இடம் மாத்துங்க. மத்ததுங்க பழகட்டும், கடைசியா இதை விடுங்க" என்றார். அப்படியே செய்தோம். இன்று காலை விட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேன்டீன் எங்கே என்று தெரியாமல் நிற்பவன் மாதிரி ஓரமாக நின்றான். க்ளவுன் ஜோடி அவனைத் தாண்டிப் போய்த் தின்றது, அவன் வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி, "இந்த வீட்டுக்கு முதல்ல வந்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கட்டைவிரல் மறுபடி வலித்தது.

மதியமே கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்றிவிட்டேன். சாய்வு நாற்காலி மாடி ரூமில் இருக்கிறது. நாளைக்கு நான் மட்டும் மகள் வீட்டுக்குப் போகிறேன், பதினைந்து நாள். நீ உடனே கிளம்பி வா. உனக்குப் பிடித்த மூலையைப் பார்த்து உட்கார், பேப்பரை எப்படி வேண்டுமானாலும் மடி. பதினாறாம் நாள் வந்து கதவைத் தட்டுவேன். நான் எங்கே உட்கார வேண்டும் என்று நீயே சொல்.