ஆரணியில் விழுந்த லட்சம்

தறிக்குழியில் முழங்காலளவு தண்ணீர். ராத்திரி மழை சுவரோரமாய் உள்ளே இறங்கிவிட்டது. பரசுராமன் குடம் குடமாய் மொண்டு கொல்லையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு முனியம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"இன்னாண்ணா, காலைலேந்து உன் தறிச் சத்தத்தையே காணோம்?"

"குழியில தண்ணி பூந்துகிச்சு."

"நம்பிட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தத் தெருவில் சாவுக்கும் அமாவாசைக்கும் தவிர தறி நிற்காது. அன்று இரண்டும் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடையில் புதிதாக ஒரு போர்டு தொங்கியது: 'முதல் பரிசு ஒரு லட்சம்! ஆரணியில் விற்ற சீட்டுக்கே!'

மத்தியானத்துக்குள் தெரு முடிவு கட்டிவிட்டது. பரசுராமன் லட்சாதிபதி.

"நான் சீட்டே வாங்கல!" என்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னான்.

"அடிச்சவன் எவன்பா ஒத்துக்குவான்?" என்றார்கள்.

மறுநாள் விடியுமுன்னே உட்கார்ந்து, தெரு அதிரத் தறி ஓட்டினான். தெருவும் கேட்டது. "இன்கம்டாக்ஸ்காரனை ஏமாத்தறான் பாரு" என்று மெச்சியது.

கடைசி முயற்சியாக, பட்டு முதலாளி அனந்தராஜிடம் போய் அழுதான். "வூட்ல அரிசி இல்லீங்க. நீங்களாவது நம்புங்க."

அனந்தராஜ் எழுந்து நின்றார். "அட, ஏன் நின்னுகினே பேசறீங்க? சேர்ல உக்காருங்க. டேய், ரெண்டு காபி!"

காலமெல்லாம் அந்தக் கடையில் தரையில் குந்தியே பழகியவன் பரசுராமன். மெத்தை வைத்த நாற்காலி அவனை மெல்ல உள்வாங்கியது. 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தான். காபி வந்துவிட்டது. குடித்தான்.

அதற்குப் பிறகு அவன் எதையும் மறுக்கவில்லை. பீடி போய், கடனில் சிகரெட் வந்தது. தெருவில் யாராவது கும்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினான்.

"இல்லாத பணத்துக்கே இம்மாம் திமிரா?" என்றாள் மனைவி பொன்னம்மாள்.

"சும்மா இருடி. களம்பூர் ரைஸ்மில் பலராமன் நம்ம கிருஷ்ணம்மாளைப் பையனுக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்காரு."

"சேத்துப்பட்டுக்காரங்களுக்கு வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்தறதா வாக்குக் குடுத்துட்டமே! உம் பொண்ணு அந்தப் பையனைத்தான் நெனச்சிகினு கீறா."

"ரைஸ்மில்லை நெனச்சிக்கச் சொல்லு."

பேசிக்கொண்டிருக்கும்போதே சேத்துப்பட்டு வீரபாகு வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா. அவரும் நெசவாளிதான்.

"சம்பந்தி, ஒரு சமாசாரம். மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ஓடியாந்தேன்..."

லட்சம் விழுந்தது காதுக்கு எட்டி, ஸ்கூட்டர் கேட்க வந்திருக்கிறான் என்று பரசுராமனுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

"யாருக்கு யாருய்யா சம்பந்தி? தறிக்காரன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்கற நெலமையில நான் இல்ல. நடையைக் கட்டு!"

வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வந்த சமாசாரத்தைச் சொல்லாமலே திரும்பி நடந்தார். உள்ளே கிருஷ்ணம்மாளின் விசும்பல் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பலராமனின் கார் வந்தது. வந்தவர் பெண்ணைப் பார்க்கவில்லை.

"பணத்தை எந்த பேங்க்ல போட்டிருக்கீங்க?"

பரசுராமன் சிகரெட்டைத் தேடினான். பொன்னம்மாள் முன்னால் வந்தாள்.

"எங்களுக்கு விழவே இல்லீங்க. இந்த மனுசன் சீட்டே வாங்கல."

கார் வந்த வேகத்தைவிட ஜல்தியாகத் திரும்பிப் போனது.

"இப்பவே ஓடு. அந்த மனுசன் கால்ல விழு. தறிக்காரனுக்குத் தறிக்காரன், மன்னிச்சிடுவாரு" என்று பொன்னம்மாள் அவனைப் பிடித்துத் தள்ளினாள்.

பரசுராமன் ஓடினான். சேத்துப்பட்டு பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எப்படியோ தொற்றிக்கொண்டான். கண்டக்டர் காத்தவராயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"எங்க?"

"சேத்துப்பட்டு ஒண்ணு. வீரபாகுன்னு ஒரு நெசவுக்காரரு, அவரு வூட்டாண்ட எறக்கி வுடுங்க."

கண்டக்டர் சிரித்தார்.

"நீயுமா? இந்த பஸ் மொத்தமும் அங்கதான்யா போவுது! போன மாசம் ஆரணிக்குப் பொண்ணு பாக்க வந்தாராம். பொண்ணு லட்சுமி மாதிரி கீதேன்னு, போற வழியில நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒரே ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினாராம்!"