நாய்க் கழிப்பிடத் திறப்பு விழா

நகராட்சிப் பொறியாளர் வீட்டுக்கு நாய் வந்து சேர்ந்தது. கூட்டி வந்தவள் மகள். வந்ததும் வராததுமாக அது சோபாவின் ஓரத்தில் காலைத் தூக்கியது.

"திட்டாதீங்கப்பா. அதுக்குன்னு ஒரு இடம் காட்டிட்டா அங்கதான் போகும். பின்பக்க மூலையில கொஞ்சம் மணல் கொட்டினா போதும்."

பொறியாளரின் மனம் புண்பட்டுவிட்டது. தம் பணிக்காலத்தில் எதையும் அவர் மணல் கொட்டி முடித்ததில்லை.

"போதுமா போதாதான்னு ஆய்வு பண்ணித்தான் சொல்லணும்!"

மேற்படி விலங்கின் இயற்கை உபாதை குறித்த ஆய்வு தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வெயில் எப்போது விழுகிறது என்று டேப்பும் கையுமாக அலைந்தார். செல்லப்பிராணி ஆலோசகர் ஒருவரும் வரவழைக்கப்பட்டார். அவர் நாயின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி ஓடுற சத்தம் கேட்டாத்தான் இதுக்கு மனசு திறக்கும்."

"மனசு எதுக்குங்க திறக்கணும்?" என்றாள் பொறியாளரின் மனைவி, தரையைத் துடைத்துக்கொண்டே.

அவள் கேள்வி பரிசீலனையில் வைக்கப்பட்டது. செயற்கைப் புல் விரித்து, பளிங்கு விளிம்பு கட்டி, நடுவில் குட்டி நீரூற்றும் வைத்தாயிற்று. அதுவரை நாய், இடைக்கால ஏற்பாடாக, வீடு முழுவதையும் பயன்படுத்தியது.

வேலை முடிந்த அன்று நாய் புல்லை நோக்கிப் பாய்ந்தது. பொறியாளர் குறுக்கே விழுந்து மறித்தார்.

"திறப்பு விழா ஆகலை!"

"அதுக்கு அவசரம்பா!"

"அவசரம்னு வர்றவங்களுக்கெல்லாம் திறந்து விட முடியுமா?"

நகராட்சித் தலைவர் வந்தார். ரிப்பன் வெட்டினார். அக்கம்பக்கத்தார் கைதட்டிவிட்டு, நீரூற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"அருமைய்யா! ஆனா நாயை விட்டா அசிங்கம் பண்ணிடுமே?" என்றார் தலைவர்.

பொறியாளர் திடுக்கிட்டார். இந்தக் கோணத்தில் ஆய்வு நடக்கவில்லை. சாயங்காலமே வேலி போட்டு, பூட்டி, பலகையும் மாட்டினார்: 'நாய்கள் உள்ளே வரக் கூடாது.'

மனைவி துடைப்பத்தை அவர் காலடியில் போட்டாள். "இனி உங்க நாய், உங்க பாடு."

வேறு வழியில்லாமல் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கடைத்தெருவை எட்டியபோது, சர்க்கரை வியாதிக்காரரான அவருக்கே முட்டிக்கொண்டு வந்தது. எதிரே அவர் கட்டிய பொதுக் கழிப்பறை, கதவில் பூட்டோடு பளபளத்தது. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை நின்றது. விழாவில் கைதட்டியவர்கள்தான்; எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவர்.

"ஐயா, நீங்களுமா?"

"என்ன செய்யச் சொல்றீங்க? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்குங்கய்யா. ஆனா திறப்பு விழாவுக்கு நீங்க இன்னும் தேதி குடுக்கலையே."

"அதுவும் சரிதான்," என்று தலைவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

நாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டுப் பக்கம் இழுத்தது.