புருலுக்கு வேர் குட்டை

"உங்க பொண்ணுக்கு வேர் குட்டையாமே?"

போனில் பேசியது வருங்காலச் சம்பந்தியம்மா ராய்கான். புருலின் அம்மா கையிலிருந்த மாவு உருண்டை எண்ணெய்ச் சட்டிக்குள் தொப்பென்று விழுந்தது.

"யாரு சொன்னா, சம்பந்தி?"

"சொல்றவங்க சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண வர்றோம்ல, அப்ப உங்க ஏழு அப்பன்மாரைப் பத்தியும் எனக்குத் தெரிஞ்சாகணும். வெறும் பேரு போதாது. எப்படி வாழ்ந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, எல்லாம் வேணும்."

காரகோல் ஊரில் ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரியாதவனை அடிமைப் பயல் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். வேர் குட்டை என்றால் வம்சமே குட்டை என்று அர்த்தம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

தபால் ஆபீஸில் வேலை முடிந்து வந்த புருல், விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, அது என் பல்லோட வேரு! மாக்சத் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டுச் சொன்னாரே. ரூம் கதவு திறந்து கிடந்துச்சு. வெளிய உட்கார்ந்திருந்த எவளோ அரைகுறையாக் கேட்டுட்டுப் போய் வத்தி வெச்சிருக்கா."

புருலின் மேல்வரிசைப் பற்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. பத்து வயதிலிருந்து வாயைக் கையால் மூடித்தான் சிரிப்பாள். சொந்தச் சம்பளத்தில் கம்பி போடப் போனபோதுதான், பல்லின் வேர்கள் பிறவியிலேயே பாதி நீளம் என்று தெரிந்தது. அவசரப்பட்டு இழுத்தால் இருக்கிற வேரும் கரைந்து பல் ஆடிவிடும். இரண்டு டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆள் மாக்சத். "மெல்லிசுக் கம்பி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுப்பேன். மூணு மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே. வேர் கரையுதுன்னு தெரிஞ்சா அங்கேயே நிறுத்திருவேன். ரெண்டரை வருஷம் ஆகும், பொறுமை இருக்கா? எலும்பு கடிச்சேன்னு மட்டும் என்கிட்ட வந்து நிக்காதே" என்றார். புருல் ஒரே வார்த்தையில் சரி என்றாள். போன வாரம்தான் கம்பி ஏறியிருந்தது.

"ராய்கான் அத்தைக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிடலாம்மா."

"சொன்னே, கொன்னுடுவேன்! வம்சம் குட்டைன்னா ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இருபத்தாறு வயசுல பல்லு ஆடப்போற பொண்ணை எவன் கட்டுவான்? ஞாயித்துக்கிழமை நீ வாயே திறக்கப்படாது."

அப்பா இல்லாத வீடு. ஆகவே பெரியப்பா ஒரோஸ்பெக்குக்கு ஆள் போயிற்று. அவர் முப்பது வருஷம் உள்ளூர் ரேடியோவில் பேசியே ஓய்வு பெற்றவர். வீட்டில் அந்த ஓய்வு யாருக்கும் கிடைக்கவில்லை.

"நாலு அப்பன் வரைக்கும் தெரியும். அதுக்கு மேல ஒரே இருட்டு" என்றார்.

"மீதி மூணு பேரு?"

"உண்டாக்கிட்டாப் போச்சு!"

உண்டாக்கினார். ஏழு பெயரையும் அழகாக எழுதிப் படம் பிடித்து, யாரையும் கேட்காமல் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியும் வைத்தார். அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை தாலாய் புருலைப் போனில் கூப்பிட்டான்.

"தங்கச்சி..."

"யாரைப் பார்த்துத் தங்கச்சிங்கிறே?"

"உன்னைத்தான். உன் ஆறாவது அப்பன் எசென்கூல். என் ஆறாவது அப்பனும் அவரேதான். ஏழுக்குள்ள சொந்தம் வந்தா கல்யாணம் கிடையாதுன்னு சித்தப்பாமாருங்க குதிக்கிறாங்க!"

புருல் பெரியப்பாவிடம் ஓடினாள். "அந்தப் பேரு எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சமாதியில எழுதியிருந்துச்சு. பார்க்கவே கம்பீரமா இருந்துச்சும்மா."

கைப்பிழை என்று மன்னிப்புக் கேட்டு, எசென்கூலைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் பெர்திபாய் என்று ஒருவரைக் குடியேற்றினார் பெரியப்பா.

ஞாயிற்றுக்கிழமை ராய்கான் மகனோடு வந்தாள். வாயையே திறக்காத தன் வீட்டுக்காரர் ஜுமாவையும் கூட்டி வந்திருந்தாள். கறித்தட்டு வந்தது. தோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ம், ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றாள்.

முதல் நான்கு பேரையும் பெரியப்பா ஒரே மூச்சில் முடித்தார். குதிரை மேய்த்தார்கள், கறி தின்றார்கள், வயதாகிச் செத்தார்கள். ராய்கான் தலையாட்டினாள். அதற்கு மேல்தான் அவருடைய ரேடியோ குரல் எழும்பியது.

"அஞ்சாவது அப்பன் மாவீரர். சண்டையில குதிரை தாடையிலேயே உதைச்சும் களத்தை விட்டு நகரலை!"

ராய்கானின் முகம் சுருங்கியது. போதவில்லை போலிருக்கிறது என்று பெரியப்பா இன்னும் ஏற்றினார்.

"ஆறாவது பெர்திபாய் மகா சாது. கறியைக் கையால தொட மாட்டார். கஞ்சிதான். ஏழாமவர் பெரிய ஞானி. நாப்பது வயசுக்கு மேல குமிஸ்ங்கிற புளிச்ச குதிரைப் பால் மட்டும் குடிச்சே காலத்தை ஓட்டினார். அவர் பேசினா ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அவ்வளவு ஆழம்!"

ராய்கான் தோட்டுப் பெட்டியைப் பைக்குள் திரும்ப வைத்தாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு ராய்கான் தட்டிலிருந்து சதை ஒட்டிய பெரிய எலும்பு ஒன்றை எடுத்துப் புருலிடம் நீட்டினாள்.

"இந்தா, கடிச்சுச் சாப்பிடு."

கடி, கடி என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். பெரியவர்கள் கையால் கொடுத்ததை மறுப்பது அவமரியாதை. கடித்தால் பல் போகும், கடிக்காவிட்டால் தாலாய் போவான். புருல் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து கம்பியைக் காட்டினாள்.

"அத்தை, என் வேர் குட்டைதான். ஆனா அது பல்லு வேரு. இதோ எக்ஸ்ரே. ரெண்டரை வருஷத்துக்கு எலும்பு கடிக்க மாட்டேன். கல்லு மாதிரி காய்ஞ்ச குருத் தயிர் உருண்டையைக் கூட ஊற வெச்சுத்தான் திம்பேன். மூணு மாசத்துக்கு ஒருதரம் டாக்டர்கிட்டப் போவேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும், கம்பி நிக்காது. அப்புறம், பெரியப்பா சொன்ன கடைசி மூணு பேரும் போன புதன்கிழமை பொறந்தவங்க."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தாலாய் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பெரியப்பா ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

"மூணு பேரும் பொய்யா?" என்றாள் ராய்கான். "அந்தக் கஞ்சி குடிச்சவரு?"

"பொய்தான் அத்தை."

"குமிஸ் குடிச்ச ஞானி?"

"அவரும்தான்."

"அப்பாடா!" என்று ராய்கான் பெருமூச்சு விட்டாள். பெட்டியை வெளியே எடுத்து, மளமளவென்று இரண்டு தோட்டையும் புருலின் காதில் மாட்டிவிட்டாள். "கம்பியைப் பாதியில கழட்டினே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அம்மா ராய்கானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி, வம்சமே பொய்யின்னு தெரிஞ்சுமா?"

அதுவரை பேசாமலிருந்த ஜுமா வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல் கூட இல்லை.

"வம்சத்தை யாரும்மா கேட்டா? குட்டை பல்லு வேருதான்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுல நாப்பது தாண்டி ஒருத்தருக்கும் பல்லு நிக்கலை, உங்க பக்கமாவது நிக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் இவ ஏழு அப்பன்மாரையும் விசாரிச்சா. நீங்க மூணு பொக்கை வாயைச் சேர்த்து விட்டுட்டீங்களே!"