முகூர்த்தப் புடவையும் பூசணிக்காயும்

முகூர்த்தப் புடவை எடுக்கும் இடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை. ஊரறிந்த இந்த விஷயம் எழுபதுகளில் எனக்கு மட்டும் தெரியவில்லை. நிச்சயதார்த்தத்தில் சாரதாவைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்ற குறை. அதைத் தீர்த்துக்கொள்ள, ஒரு விஜயதசமி காலையில் மயிலாப்பூரிலிருந்து அவள் வீட்டாரோடு நானும் தி.நகருக்குக் கிளம்பிவிட்டேன். (என் ரசனை அவர்களுக்கு உதவும் என்று வீட்டில் சொன்னேன். அப்போது என்னிடம் இருந்ததே இரண்டு சட்டை.)

முந்தின நாள் ஆயுத பூஜை. ஜவுளிக்கடை வாசலில் திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய், குங்குமமும் சதையுமாகப் படியிலேயே கிடந்தது. தொட்டால் திருஷ்டி தன்மேல் வந்துவிடும் என்று கடையில் ஒருவரும் அதைக் கூட்டவில்லை. நானோ பின்னால் வந்த சாரதாவைத் திரும்பிப் பார்த்தபடி படியேறினேன். அவ்வளவுதான், கணுக்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேட்டி எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதற்கில்லை.

வலியில் உயிர் போனது. அதைவிடப் பெரிய ஆபத்து சாரதாவின் அத்தை. மாப்பிள்ளை விழுந்தது எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று அங்கேயே விளக்கத் தொடங்கினார்.

“அண்ணா, புடவை இருக்கட்டும். ஆத்துக்குப் போய் இந்தச் சம்பந்தத்தையே இன்னொரு தடவை யோசிக்கணும்.”

சாரதாவின் அப்பாவும் தலையை ஆட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் கைநழுவிப் போகிறது, நானோ எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியாமல் கிடக்கிறேன்.

கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். சோடாவும் நாற்காலியுமாக ஓடிவந்தார்.

“வைத்தியத்த நான் பாத்துக்கிடுதேன், அது பெரிசில்ல. எங்க கடைத் திருஷ்டில்லா மாப்பிள்ள மேல ஏறிட்டு. அத எறக்காம அனுப்பினா நாளைக்கு யாரு பொறுப்பு?”

உள்ளே மிச்சமிருந்த பூசணிக்காய் வந்தது. கற்பூரம் ஏற்றி, என்னைச் சுற்றி, அதே படியில் ஓங்கி உடைத்தார். பட்டு அங்கவஸ்திரத்தில் தெறிக்கக் கூடாதே என்று என் வருங்கால மாமனார் ஓரடி பின்வாங்கினார். அங்கே பழைய பூசணிக்காய் இருந்தது.

இரண்டாவது நாற்காலி வந்தது. அதில் மாமனாரை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சகுனத்தைப் பேசினால், சொந்த அண்ணனின் சகுனத்தையும் பேசியாக வேண்டும். அத்தை விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

“செவ்வாய் தோஷம் மாதிரிதான். ரெண்டு பக்கமும் இருந்தா தோஷம் இல்லை. புடவையை எடுங்கோ.”

முதலாளி இரண்டு கால்களுக்கும் கட்டுப்போடும் செலவை ஏற்றுக்கொண்டு, படியைத் தானே கழுவினார். ஐப்பசியில் கல்யாணம். காசியாத்திரைக்கு நான் குடையோடு நொண்டிக்கொண்டு கிளம்ப, என்னைத் தடுத்து அழைத்துவர மாமனார் நொண்டிக்கொண்டே வந்தார். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டார்.

அன்றைக்கே நிஜமாகக் காசிக்குப் போய்த் தப்பித்திருக்கலாமே என்று பிள்ளைகள் இன்றும் என்னைச் சீண்டுவார்கள். பதில் சாரதாவிடமிருந்துதான் வரும்.

“எங்கே போயிருப்பார்? ரெண்டு பேருக்கும் ஒரே வேகம். எங்கப்பா பிடிச்சிருப்பார்.”