தெருவுக்கெல்லாம் சொன்ன சேதி

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். போன்ல வந்த ஒரு சேதியை உரியவர்கிட்டச் சொல்லணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது இது. துடியலூர்ல எங்க தெருவுக்கே என் வீட்டுல மட்டும்தான் போன். தெருவே அந்த நம்பரைத்தான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்து வெச்சிருந்தது. போன் அடிச்சா நான் எடுப்பேன், ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வருவேன்.

முதல்ல அது எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்க பம்பு கம்பெனியில ஆளுமை வளர்ச்சின்னு ஒரு வகுப்பு வெச்சாங்க. டை கட்டின ஒருத்தர் வந்து, "தினமும் ஒருத்தருக்கு, அவர் கேக்காமலே உதவி செய்யுங்க. இருபத்தொரு நாள் விடாம செஞ்சா பழக்கமாயிரும். நீங்களே வேற ஆளா மாறிருவீங்க"ன்னார்.

எனக்கு வேற ஆளா மாற ரொம்ப ஆசை. டைரி ஒண்ணு வாங்கி, செஞ்ச உதவியெல்லாம் எழுத ஆரம்பிச்சேன். தடுக்கறதுக்கு வீட்டுல ஆளும் இல்லை. மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாராபுரம் போயிருந்தாள். மாசக் கடைசியிலதான்னு டாக்டரம்மா தேதி குறிச்சுக் குடுத்திருந்தாங்க. நான் சொல்ற அன்னிக்கு அதுக்கு இன்னும் மூணு வாரம் கெடந்துச்சு.

பத்தொம்பதாவது நாள், ஞாயித்துக்கிழமை. காலையில எட்டு மணிக்குப் போன் அடிச்சது. ஒரே இரைச்சல். முன்னப்பின்ன கேக்காத குரல்.

"ஏனுங்க, பொண்ணு பொறந்திருக்குதுங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்குது. புள்ளையோட அப்பனை உடனே பொறப்பட்டு வரச் சொல்லுங்க!"

"சொல்லிர்றேனுங்க! யாரோட..."

கட் ஆயிருச்சு.

இன்னொருத்தனா இருந்தா, மறுபடி போன் வரட்டும்னு உக்காந்திருப்பான். நான் வளர்ந்துட்டு இருக்கிற மனுசன் ஆச்சே! சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டேன். எந்த வீட்டுல பிரசவம்? யோசிச்சுப் பார்த்ததுல மூணு வீடு ஞாபகம் வந்துச்சு.

முதல்ல எதிர்வீட்டு சரோஜா டீச்சர். அவங்க மகனும் மருமகளும் மெட்ராஸ்ல.

"டீச்சர், ஸ்வீட் எடுங்க! பேத்தி பொறந்தாச்சு!"

டீச்சர் கையில இருந்த கோலமாவுக் கிண்ணம் கீழே விழுந்துச்சு.

"ஐயோ தம்பி, மருமகளுக்கு இப்பத்தானுங்க அஞ்சாம் மாசம்!"

அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சு விசிறினார். நான் சோடா வாங்க ஓடினேன். அப்புறம் மூணு பேருமா என் வீட்டுக்கு வந்து மெட்ராசுக்குப் போன் போட்டோம். மகன் தூக்கக் கலக்கத்துல எடுத்தான்.

"அவளாம்மா? உள்ள தோசை சுட்டுட்டு இருக்கா. ஏன்?"

டீச்சர் போனை வெச்சுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே! வீட்டுப்பாடம் எழுதாம வந்த பையனாட்டம் நின்னேன்.

சரி, ஒண்ணு கழிஞ்சுது. அடுத்தது ஆரோக்கியசாமி அண்ணன் வீடு. கிறிஸ்மசுக்கு அவர் வீட்டுக்கு ஒரு பொண்ணு நிறைமாசமா வந்துட்டுப் போனதை நானே பார்த்திருக்கேன். மூத்த மகளாத்தான் இருக்கணும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

வாசல்ல நாலஞ்சு ஜோடிச் செருப்பு கூடுதலாக் கெடந்துச்சு. மூளைன்னு ஒண்ணு வேலை செஞ்சிருந்தா அங்கேயே திரும்பியிருப்பேன்.

"அண்ணா! உங்க பொண்ணுக்குப் பொண்ணு பொறந்திருக்குது! உடனே வரச் சொன்னாங்க!"

கத்திட்டுத்தான் உள்ளே பார்த்தேன். ஹால் நிறைய ஆளுங்க, எல்லாம் பட்டுச்சேலையும் இஸ்திரி சட்டையும். பஜ்ஜியை வாய்க்கிட்டக் கொண்டுபோன கையெல்லாம் அப்படியே நின்னுச்சு. பொண்ணு பார்க்க வந்திருக்காங்க!

ஆரோக்கியசாமி அண்ணன் நிதானமா எந்திரிச்சார். "தம்பி, எனக்கு இருக்கறது ஒரே பொண்ணுங்க."

அந்த ஒரே பொண்ணு காப்பித் தட்டோட நடு ஹால்ல நிக்குது.

கிறிஸ்மசுக்கு வந்தது அவரோட அண்ணன் மகளாம். அதுக்குப் போன மாசமே பையன் பொறந்து ஞானஸ்நானமும் முடிஞ்சுதாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னா வாயை மூடிட்டு இருந்திருக்கலாம், அது வேற விஷயம்.

ஒரு பொண்ணோட வாழ்க்கையையே கெடுத்துட்டமேன்னு வாசப்பக்கமாப் பின்னாலயே நகர்ந்தேன். நல்லவேளை, மாப்பிள்ளையோட அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க.

"ஏனுங்க தம்பி, அம்மணி இங்க காப்பி குடுத்துட்டு இருக்குது. பொறந்த புள்ளைய எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

மொத்த ஹாலும் சிரிச்சுது, காப்பித் தட்டும் சேர்ந்து குலுங்குச்சு. எனக்கும் ஒரு பஜ்ஜி குடுத்து அனுப்பி வெச்சாங்க.

மூணாவது, ரங்கசாமி அண்ணன். அவர் மகளைச் சூலூர்ல குடுத்திருந்தார். 'சூலூர்ல மாசம் நெருங்கிருச்சு'ன்னு அவர் யார்கிட்டயோ சொன்னது என் காதுல விழுந்திருந்துச்சு. ரெண்டு அடி வாங்கியாச்சு, இந்தத் தடவை உஷாரா இருக்கணும்னு நிதானமா ஆரம்பிச்சேன்.

"அண்ணா, போன் வந்துச்சுங்க. பொறந்திருக்காம். தாயும் புள்ளையும் சவுக்கியமாம்."

மனுசன் முகம் அப்படியே மலர்ந்துச்சு. "அட! சூலூர்ல இருந்துங்களா? என்னதுங்க பொறந்திருக்குது?"

"பொண்ணுங்க."

"கெடேரியா! கேட்டியா அம்மணி, கெடேரிக் கன்னு!" உள்ளே பார்த்துச் சந்தோசத்துல கத்தினார். அவரோட சினை மாட்டைச் சம்பந்தி வீட்டுல விட்டிருக்காராம். மகளுக்குப் புள்ளை பொறந்து வருசம் ரெண்டாச்சாம்.

எனக்குக் கொஞ்சம் இடிச்சுது. "அண்ணா, புள்ளையோட அப்பனை உடனே வரச் சொன்னாங்களே?"

"காளை எங்கீங்க வரும்? என்னையத்தான் சொல்லியிருப்பாங்க. இருங்க, சர்க்கரை போட்டுக்குங்க!"

வாய் நிறையச் சர்க்கரையைப் போட்டுவிட்டு, வேட்டியை மாத்திக்கிட்டு, சூலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியே போயிட்டார்.

ஒருவழியா சேதி போக வேண்டிய இடத்துக்குப் போயிருச்சு. வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்து, 'ரங்கசாமி அண்ணனுக்கு நற்செய்தி சொன்னது'ன்னு எழுதினேன். எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

பதினொண்ணரைக்குப் போன் அடிச்சது. மாமனார்.

"ஏனுங்க மாப்ளே, இன்னும் ஊட்டுலயா இருக்கீங்க? எட்டு மணிக்கே சேதி சொல்லச் சொன்னனே, வரலீங்களா?"

"என்ன சேதிங்க மாமா?"

"நம்ம அம்மணிக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க! விடியால திடீர்னு வலி கண்டுபோச்சு. நான் ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியலைன்னு எஸ்டிடி பூத்துக்காரர்கிட்டச் சீட்டுல நம்பரை எழுதிக் குடுத்தேன். அப்பனை உடனே வரச் சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

திறந்து கெடந்த டைரியை மூடி வெச்சேன்.

"அவரு சொன்னாருங்க மாமா. நான்தான்... அப்பனைத் தேடிட்டு இருந்தேன்."

எந்தப் பஸ்ஸுல ஏறினேன், எங்கே மாறினேன்னு இன்னிக்கும் ஞாபகமில்லை. தாராபுரம் போய்ச் சேரும்போது சாயந்திரம் ஆயிருச்சு. கட்டில்ல அவள் முழிச்சுத்தான் இருந்தாள். கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு.

"எட்டு மணியில இருந்து வாசலையே பாத்துட்டுக் கெடந்தனுங்க. மத்தியானமாவது வந்துருவீங்கன்னு நெனச்சேன்."

அந்த ரெண்டு வார்த்தையில நான் செத்தே போயிட்டேன். நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். சினை மாட்டுக்கிட்ட வரும்போது தையல் வலிக்குதுன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாள். அப்புறம் துணியில சுத்தின புள்ளையை என் கையில குடுத்து, "புடிங்க. இதுதான் அந்தச் சேதி"ன்னாள்.

அந்த மகளுக்கு இப்போ கல்யாணமே ஆயிருச்சு. சரோஜா டீச்சர் மன்னிச்சுட்டாங்க. ஆரோக்கியசாமி அண்ணன் பொண்ணுக்கு அதே இடத்துல கல்யாணம் நடந்து, பந்தியில எனக்கு முதல் இலை போட்டாங்க.

ரங்கசாமி அண்ணன் மட்டும் ரொம்ப நாள் என்கூடப் பேசவே இல்லை. சூலூர் மாடு அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கன்னு போட்டுச்சு.

அதுவும் காளைக் கன்னு.