மாமாவுக்கு ஒரு நிமிட மௌனம்

பயந்தவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு வடக்கே தம்போயில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு சரி. குரல் மட்டும் கோயில் மணி. அதனால் எங்கள் வட்டாரத்தில் சாவு வீடென்றால், பெட்டியை எடுக்கும் முன் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது நான்தான். (வேறு எந்தக் காரியத்துக்கும் என்னை மைக் பக்கம் விட்டதில்லை.)

என் மனைவி கலாவின் தாய்மாமா நடிகர், கவிஞர். சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் லண்டனுக்குப் போய், மேடை நாடகங்களில் நடித்து, நான்கு கவிதை நூல்கள் எழுதியவர். எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. "படிக்காதவனுக்கா பொண்ணு குடுக்கிறீங்க?" என்று போனில் கேட்டாராம். போன வருடம் பக்கத்தில் பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய ஐந்தாவது நூல் வெளியீடு. அன்றுதான் என்னை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்.

ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தேன். அவரை அறிமுகம் செய்ய வேண்டிய வாத்தியார் சிங்கப்பூர்ப் பாலத்து ஜாமில் மாட்டிக்கொண்டார். கலாவின் அண்ணன் குமார் ஒரு தாளோடு ஓடி வந்தான்.

"மச்சான், நீங்க படிச்சிருங்க லா. எல்லாம் இதுல எழுதியிருக்கு."

"அலமாக்! நான் எப்படிடா?"

கலா காதருகே குனிந்தாள். "மாமா உங்கள என்ன சொன்னாருன்னு தெரியும்ல? மானத்த வாங்கிடாதீங்க."

மேடையேறினேன். தாளில் எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. முதல் வரி எப்படியோ வந்தது. பிறகு பயத்தில் வாய், தனக்குப் பழகிய தடத்திலேயே ஓடியது.

"தோட்டத்தில் பிறந்த அன்னார், லண்டன் மேடைகளில் நடித்தார். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம்..."

மண்டபமே எழுந்துவிட்டது! (நம் ஆட்கள் எழச் சொன்னால் காரணம் கேட்பதில்லை.) கலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. தப்பென்று சொல்லலாம்தான், ஆனால் மௌனத்தின் நடுவில் எப்படிப் பேசுவது? ஓரக்கண்ணால் முன்வரிசையைப் பார்த்தேன். மாமாவும் கைகட்டித் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

நிமிடம் முடிந்ததும் அவர் மேடையேறி மைக்கை வாங்கினார். நான் இறங்கப் படியைத் தேடினேன்.

"அம்பது வருஷமா நடிக்கிறேன். வாயத் தொறக்கிறதுக்கு முன்னயே ஒரு மண்டபம் எனக்காக எழுந்து நின்னது இன்னைக்குத்தான்." என் தோளில் கை போட்டார். "எல்லாம் நல்லா சொன்னீங்க, மாப்பிள்ளை. எப்படிச் செத்தேன்னுதான் சொல்லல."

மாப்பிள்ளை! மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லண்டன் திரும்பியதும் மாமா தன் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நிஜமாகவே அவர் போகும்போது மாப்பிள்ளைதான் வாசிக்க வேண்டுமாம். லண்டனில், அவருடைய நடிகர்கள் முன்னாலா என்று அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவர் எழுபத்திரண்டு வயதிலும் தினமும் நீந்துகிறார். எனக்குத்தான் பிரஷர் ஏறுகிறது.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் அவருடைய முதல் கேள்வி, "மாப்பிள்ளை இருக்காரா?"

"இருக்காரு மாமா," என்பாள் கலா. "ஆனா கவலப்பட்டே உங்களுக்கு முன்னால போயிடுவாரு போல."

"போகட்டும். நான் வந்து வாசிக்கிறேன்."