ரிஜெக்ட் சாரும் சிவப்பு வயரும்

ரிஜெக்ட் சார் குறை சொல்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது இன்னும் அவர் கண்ணில் படாத பொருளாகத்தான் இருக்க வேண்டும். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் அங்கே எக்ஸ்போர்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஆனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் ரிஜெக்ட் சார்தான். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "சம்பாரிச்ச பேருப்பா. சும்மா வந்ததா?" என்பார்.

ஷூவில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஷூவோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் தாள் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும். கேன்டீன் இட்லியில் பள்ளம் விழுந்திருந்தால் அம்பு. நான் அடித்த இன்வாய்ஸில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் அம்பு. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில் ஏறப் போனவர், பெட்டியில் பெயின்ட் உரிந்த இடத்துக்கெல்லாம் அம்பு ஒட்டிக்கொண்டிருந்ததில் ரயிலையே விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் முழுசாக நம்புகிறேன்.

சொந்த வீட்டுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஹாலுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமென்று ஆரம்பித்து, சுவரில் கட்டம் கட்டமாக வெவ்வேறு வெள்ளையைப் பூசிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. வருஷக்கணக்காக அந்தக் கட்டங்கள் அப்படியே இருந்தன. "எது வேணா அடிங்க, எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது" என்று அவர் மனைவி ஒருநாள் என் எதிரிலேயே சொல்லிவிட்டார். ரிஜெக்ட் சார் அவரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

கலர் விஷயத்தில் அவருக்கு ஒரே வேதம், டியூப் லைட்டை நம்பாதே என்பது. இதில் அவர் மட்டும் கிறுக்கு இல்லை. தோல் தொழிலில் உள்ள எல்லாருமே தோலையும் வாங்கும் பார்ட்டி ஓகே பண்ணிய சாம்பிளையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் மேகம் மூடினால் லாரியை நிறுத்தி வைப்பது இவர் ஒருவர்தான். டிரைவர் வானத்தைப் பார்ப்பார், மேனேஜர் டிரைவரைப் பார்ப்பார், ரிஜெக்ட் சார் கையில் தோல் துண்டோடு சூரியனுக்காகக் காத்திருப்பார்.

இந்த மனிதரிடம்தான் ஸ்டெல்லா அக்காவின் மகள் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது.

ஸ்டெல்லா அக்கா தையல் பிரிவில் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். மகள் நர்ஸ் படித்துவிட்டுக் குவைத்துக்குப் போனவள், அங்கேயே வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையனைக் கட்டிக்கொள்வதாக முடிவானது. லீவு கிடைக்காததால் கல்யாணமும் அங்குள்ள சர்ச்சிலேயே நடந்தது. அக்காவின் பாஸ்போர்ட் கைக்கு வந்து சேர்வதற்குள் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. போன் வரும்போதெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வாள். நல்லா இருக்கிறேன் என்று சொல்கிற பிள்ளையைப் பற்றித்தான் ஒரு தாய்க்குக் கவலை அதிகம் போலிருக்கிறது. "எங்கிட்ட எதையோ மறைக்குறாடா" என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கடைசியில் கல்யாண டிவிடி வந்தது. டிவிடி பிளேயர் ஊருக்குள் வந்த புதிது. அக்கா ஒன்று வாங்கினார். வீட்டு டிவி சின்னது, கம்பெனி ஆட்களெல்லாம் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே பார்ட்டிகளுக்கு மாடல் காட்டும் புரொஜெக்டரை மேனேஜரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பிள் ரூமில் ஏற்பாடானது. சாயங்காலம் மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். அதற்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். கல்யாணம் என்றுதான் சொல்கிறேன். ஆராதனை முடிந்து அக்கா பட்டுப்புடவையில் வந்தார். ஒரு பெரிய தேக்சா நிறையப் பிரியாணி வந்தது, கேக் வந்தது, வாசலில் ஒரு பெண் நின்று எங்களுக்குச் சந்தனம் கொடுத்தாள். மகள் கல்யாணத்துக்குப் போக முடியாத தாய், கல்யாணத்தையே கம்பெனிக்கு வரவழைத்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் அன்வர் பாய் முன்னாடியே வந்து வயர் மாட்டினார். புரொஜெக்டரில் மஞ்சள் வயர் மாட்டும் ஓட்டை எப்போதோ உடைந்துபோயிருந்தது. அதனால் பிளேயரிலிருந்து படத்துக்கு மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர். மூன்றையும் மாட்டிவிட்டு அவர் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஷட்டர் கதவை இறக்கி விளக்கை அணைத்தோம். சுவரில் சர்ச் வந்தது. பாட்டு வந்தது. எல்லாரும் கை தட்டினோம். மணப்பெண் வந்தாள். தட்டின கை அப்படியே நின்றது.

புடவை வெள்ளை வெளேரென்று இருந்தது. முகம் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக, ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் எலுமிச்சை மாதிரி இருந்தது. கையிலிருந்த ரோஜாச் செண்டு கறிவேப்பிலைக் கொத்தாகியிருந்தது. மாப்பிள்ளையும் பச்சை, பாதிரியாரும் பச்சை. ஆனால் ஸ்டெல்லா அக்கா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"ஐயோ, எம்பொண்ணுக்குக் காமாலைடா!" என்று எழுந்துவிட்டார். "நான்தான் சொன்னேனே, எதையோ மறைக்குறான்னு!"

"அக்கா, இது படத்துல தப்பு. எல்லாருமே பச்சையா இருக்காங்க பாருங்க."

"புடவை வெள்ளையாத்தானே இருக்குது? மூஞ்சி மட்டும் ஏன் அப்படி?"

நான் ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போனேன். கலரைக் கூட்டினேன், பெண் இன்னும் பச்சையானாள். குறைத்தேன், மொத்தக் கல்யாணமும் கறுப்பு வெள்ளையானது. பிளேயரைத் தட்டினோம். டிவிடியை வேட்டி நுனியில் துடைத்தோம். அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் ரிஜெக்ட் சார் எழுந்தார். "இருட்டுல ஒக்காந்துகினு கலர் பார்க்குறீங்களே, இத்தினி வருஷம் தோல் கம்பெனியில இன்னா கத்துக்கினீங்க? வெளிச்சத்துல பாருங்கய்யா!" என்று பெரிய ஷட்டர் கதவை முழுசாகத் தூக்கிவிட்டார். ஆம்பூர் வெயில் அறை முழுக்கக் கொட்டியது. சுவரில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

"எங்கே என் பாப்பா?" என்று அலறினார் அக்கா.

ரிஜெக்ட் சார் காலிச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "வெளிச்சத்துக்கு நிக்காத கலரு" என்றார்.

அந்த நேரத்தில் அன்வர் பாய் திரும்பி வராமல் இருந்திருந்தால், அன்று ஒரு கொலை விழுந்திருக்கும். அவர் ஷட்டரை இறக்கினார், பெண்ணின் பச்சை முகத்தைப் பார்த்தார், நேராக மேஜைக்குப் பின்னால் குனிந்தார். பச்சை வயர் மாட்டியிருந்தது, நீலம் மாட்டியிருந்தது. சிவப்பு வயர் கழற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர்.

அறையே திரும்பி ரிஜெக்ட் சாரைப் பார்த்தது.

"ஆமா, நான்தான் புடுங்கினேன்" என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூசாமல். "நீ போனப்புறம், ஷட்டர் எறக்குறதுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல பார்த்தேன். வயரு செர்ரி ரெட்டு. அந்த ஓட்டை ஆரஞ்சு கலந்த ரெட்டு. ரெண்டும் மேட்ச் ஆவல. பச்சையும் நீலமும் பரவால்ல, பாஸ் பண்ணேன்."

"அல்லா! சார், அது மேட்ச் பாக்குறதுக்கு இல்ல சார். எது எங்க போவுணும்னு அடையாளத்துக்கு."

"அடையாளத்துக்குன்னா நம்பர் போடு. கலர் போட்டா மேட்ச் ஆவணும்."

"பேஜார் பண்ணாதீங்க சார். மாட்டிடறேன்."

"ரிஜெக்ட் பண்ணதை எப்படி மாட்டுவே? பொறுப்பானவங்க யாராவது கையெழுத்து போடணும்."

இதுவும் கம்பெனி வழக்கம்தான். தேறாத சரக்கு அவசரத்துக்கு வேண்டுமென்றால், யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒட்டும் டேப்பை ஒரு துண்டு கிழித்து வயரில் சுற்றி, அதன்மேல் ஸ்டெல்லா என்று எழுதினார். ரிஜெக்ட் சார் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அன்வர் பாய் சிவப்பு வயரைச் செருகினார்.

ரோஜா சிவந்தது. மணப்பெண்ணின் முகம் நல்ல மாநிறத்துக்கு வந்தது. எல்லாரும் மறுபடி கை தட்டினோம், ஒருவரைத் தவிர. அக்கா உட்காரவேயில்லை.

"எனக்காக நீங்க எல்லாம் சேர்ந்து கலரை மாத்தி வெக்கிறீங்க" என்றார் மெதுவாக. "முன்னாடி பார்த்ததுதான் நிஜம். எனக்குத் தெரியும்."

வெள்ளை பச்சை வயரிலேயே வந்துவிடும், முகத்தின் சிவப்புதான் இது இல்லாமல் வராது என்று அன்வர் பாய் வயரைக் கழற்றிக் காட்டினார், மாட்டிக் காட்டினார். நான் பைபிள் மேல் சத்தியம் செய்தேன். அக்கா எங்கள் யாரையும் நம்பவில்லை. கடைசியில் ரிஜெக்ட் சார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். நீங்க யாருக்காகவும் பொய்யா பாஸ் பண்ண மாட்டீங்க. எம்பொண்ணு நல்லா இருக்காளா?"

அந்த மனிதர் 'நல்லா இருக்காம்மா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இவர், "சாம்பிள் இல்லாம எப்படிச் சொல்றது?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அன்வர், பாப்பா மூஞ்சி கிட்டக்க வர்ற எடத்துல நிறுத்து. ஸ்டெல்லா, நீ இங்க வா. சொவத்தாண்ட நில்லு. இன்னும் கொஞ்சம் பக்கத்துல போ."

அக்கா மகளின் முகத்தை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். புரொஜெக்டர் வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது. ரிஜெக்ட் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நெற்றி, கன்னம், மூக்கின் ஓரம் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். லாரி காத்திருக்கும்போது தோலைப் பார்ப்பாரே, அதே அவசரமில்லாத பார்வை.

"அப்படியே உன் கலர்தான் ஸ்டெல்லா" என்றார். "ஒரு இம்மி வித்தியாசம் இல்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா."

அக்கா சுவரிலிருந்த கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். ஆனால் அது வேறு அழுகை.

படம் மறுபடி ஓடியது. மோதிரம் மாற்றினார்கள், ஜெபம் பண்ணினார்கள். அக்கா நாற்காலிக்குத் திரும்பாமல் சுவரோரமே நின்றிருந்தார். பிறகு போட்டோ எடுக்கும் இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து நின்றார்கள். அடுத்து போட்டோக்காரர் குரல் கேட்டது, "பொண்ணு வீட்டுக்காரங்க வாங்க." மணப்பெண்ணுடன் அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் பெண் ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார் போட்டோக்காரர். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரிஜெக்ட் சார்தான் எழுந்தார். "அன்வர், நிறுத்து. இன்னா எல்லாம் ஒக்காந்துகினு கீறீங்க? கூப்புட்றாங்க இல்ல? எழுந்து வாங்கய்யா!"

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாகப் போய், அக்காவுக்கு அந்தப் பக்கம், ஒரு தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். பின்னாடியே தையல் பிரிவும் கட்டிங் பிரிவும் எக்ஸ்போர்ட் ஆபீசும் போனோம். சர்ச்சின் பூ அலங்காரம் எங்கள் சட்டைகளில் விழுந்தது. ரிஜெக்ட் சார் எங்கள் வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எவ்வளவோ சொல்லியிருக்கலாம், ஒருவன் சட்டையில் பிரியாணி கறைகூட இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வரிசையில் அவர் தோளோடு தோள் உரச நானும் நின்றேன் என்பதை நினைத்தால், இப்போதும் மனசு நிறைந்துபோகிறது.